புது ஜெர்பிலைக் கண்டால் பழைய ஜெர்பில் ஏன் கடிக்கிறது?

பூந்தமல்லிப் பக்கம் வயல் வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலியும், அம்பத்தூர் வீட்டுக் கூண்டில் வளரும் மங்கோலிய ஜெர்பிலும் உறவுக்காரர்கள். ஜெர்பில் தன் குடும்பத்தை அறிவது மூக்கால். வயிற்றின் நடுவே ஒரு மணச் சுரப்பி. அதைத் தரையில் தேய்த்து எல்லை குறிக்கும். அந்த மணம் இல்லாமல் வருவது எதிரி. கடித்துக் கொல்லவும் கூடும்.

அதனால் புதியதைச் சேர்க்கும் முன், கூண்டை நெருக்கமான கம்பிவலையால் இரண்டாகத் தடுத்து, பழையதை ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் விடுங்கள். தினமும் சில முறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒன்றின் மணத்தில் மற்றது படுத்துறங்கட்டும். ஒரு வாரமாவது ஆகும், அவசரம் கூடவே கூடாது. வலையோரம் அருகருகே தூங்கினால் நல்ல அறிகுறி. பிறகு, கழுவிய சிறு பெட்டியில் சேர்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். பந்தாகக் கட்டிப் புரண்டால் உடனே தடித்த கையுறை போட்டுப் பிரித்துவிடுங்கள். வாலை மட்டும் பிடிக்காதீர்கள். தோல் உரிந்து வந்துவிடும்.