இரத்தசோகை: உண்ணும் இரும்புச்சத்து உடலில் சேர வேண்டுமானால்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத அசதி ஆகியவற்றை "வேலை அதிகம், அதனால்தான்" என்று ஒதுக்கிவிட்டுப் பல மாதங்கள் கழித்து மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர். சிலருக்குப் பச்சரிசியையோ சாம்பலையோ வாயில் போட்டு மெல்லும் ஆசையும் ஏற்படுவதுண்டு. இவை அனைத்தும் இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

2019–21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை எனப்படும். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே இதற்குக் காரணம்.

தேவை அதிகம், கிடைப்பது குறைவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை. மாதவிடாயின்போது ஏற்படும் இழப்பை ஈடுசெய்யவே பெண்ணுக்கு இந்தக் கூடுதல் அளவு. ஆயினும் நம் வீடுகள் பலவற்றில், அனைவருக்கும் பரிமாறிய பிறகு எஞ்சியதை உண்பவள் பெண்ணே. கீரையும் பருப்பும் மீனும் அவள் தட்டுக்கு வரும்போது பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

எதனுடன் உண்கிறோம்?

கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தில் ஒரு சிறு பங்கையே குடல் உறிஞ்சிக்கொள்கிறது. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ளது இதைவிட எளிதில் சேரும். சைவ உணவு உண்போரும் சில எளிய மாற்றங்களால் உறிஞ்சும் அளவை உயர்த்தலாம்:

• வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். உணவுடன் நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவது நல்லது.

• தேநீரும் காப்பியும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. உணவுக்கும் இவற்றுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைச் சிற்றுண்டியுடன் காப்பி அருந்தும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது செலவில்லாத மருத்துவம்.

• பயறுகளை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் உறிஞ்சுதலைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கின்றன.

• புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் சமைத்தால் இரும்புச்சத்து சிறிது கூடும்.

பீட்ரூட்டின் சிவப்பு நிறத்தைக் கண்டு அது இரத்தம் ஊறச்செய்யும் என நம்புவோர் உண்டு. அந்த நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் தொடர்பில்லை.

மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்

இரத்தசோகை ஏற்பட்ட பின், உணவு மட்டுமே அதைச் சரிசெய்யப் போதாது, மாத்திரையும் தேவைப்படும். சில வாரங்களில் அசதி குறைந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். ஹீமோகுளோபின் இயல்பு நிலையை அடைந்த பின்னரும், உடலின் இருப்பு நிரம்புவதற்குப் பொதுவாக மேலும் மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும்.

மலம் கருமையாக வெளியேறுவது இம்மாத்திரையால் ஏற்படும் இயல்பான மாற்றம், அஞ்ச வேண்டாம். குமட்டலோ மலச்சிக்கலோ தொல்லை தந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ, ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணுமாறு மாற்றவோ வழியுண்டு. கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உட்கொள்ளக் கூடாது. குழந்தைகள் தவறுதலாக விழுங்கினால் இம்மாத்திரைகள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

காரணத்தையும் கண்டறிய வேண்டும்

மாதவிடாய் ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாக இரத்தம் வெளிப்பட்டாலோ மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். கருப்பை நார்க்கட்டி போன்ற காரணங்கள் இருக்கக்கூடும். இழப்பு தொடரும்வரை எவ்வளவு உண்டாலும் இரத்தம் உயராது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரப்போக்கு ஏற்பட்டாலோ, இரத்தசோகை இருந்தாலோ கட்டாயம் பரிசோதனை தேவை. கொக்கிப்புழுத் தொற்றும், பரம்பரையாக வரும் தலசீமியாவும் இரத்தசோகையை உண்டாக்கலாம். எனவே பரிசோதனை இன்றிக் கடையில் மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

கணவரும் பிள்ளைகளும் மாமியாரும் இதில் செய்யக்கூடியது மிகுதி. உணவு வேளையில் அனைவரும் ஒன்றாக அமருங்கள். சமைத்தவருக்கும் கீரையும் பருப்பும் மீனும் முதலிலேயே எடுத்துவையுங்கள். மாத்திரை உட்கொண்டாரா எனக் கேளுங்கள். வீட்டிலுள்ள பெண் அடிக்கடி சோர்ந்து அமர்ந்தால், அதனைச் சோம்பல் என்று எண்ணாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை ஏற்பட்டால் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும் முந்தைய பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டுவாருங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை ஒப்பிட்டு, சிகிச்சையைத் தொடர்வதா மாற்றுவதா எனச் சேர்ந்து முடிவு செய்வோம்.