மூளையின் துணைச் செல்கள்: வெறும் பசைதானா?

வீடு கட்டும் இடத்தில் சற்று நின்று கவனித்திருக்கிறீர்களா? சுவர் உயர உயரக் கொத்தனார்கள் கழிகளைக் கொண்டு சாரம் கட்டுவார்கள். அதன்மீது ஏறி நின்றுதான் மேல் வரிசைச் செங்கற்களை அடுக்குவார்கள். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். குடிபுகும் நாளில் சாரத்தை யாரும் நினைப்பதில்லை.

நம் மூளையும் சாரம் கட்டித்தான் எழுப்பப்படுகிறது. ஆனால், இந்தச் சாரம் விந்தையானது. செங்கற்களை ஈன்று தருவதும் அதுவே. வேலை முடிந்தபின் பெரும்பகுதி உருமாறி அந்த வீட்டிலேயே தங்கியும் விடுகிறது! அது எவ்வாறு என்று பார்ப்போம்.

பெயர் வந்த கதை

மூளை என்றதும் நரம்பு செல்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. செய்திகளை மின்துடிப்புகளாகக் கடத்துபவை அவையே. அவற்றின் இடையிடையே வேறு வகைச் செல்களும் நிறைந்திருக்கின்றன. 1856-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, நரம்புகளுக்கு இடையே உள்ள அப்பொருளுக்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். ‘கிளியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்பு செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை என்றே அவர் கருதினார். பெயர் நிலைத்தது, இவை வெறும் துணைச் செல்கள் என்ற எண்ணமும் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

ஒரு நரம்பு செல்லுக்குப் பத்துக் கிளியா செல்கள் உண்டு என்று பழைய பாடநூல்கள் கூறின. அக்கணக்கு சரியன்று. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, மனித மூளையில் நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 8,500 கோடி. அதாவது, ஏறத்தாழச் சரிபாதி.

கிளியா செல்களில் மூன்று வகைகள் முக்கியமானவை. விண்மீன் போலக் கைகளை விரித்திருப்பது ஆஸ்ட்ரோசைட். இதை விண்மீன் செல் என்போம். நரம்பு செல்களுக்கு ஊட்டம் அளித்து, அவை கொட்டும் வேதிப்பொருள்களை அகற்றுவது இதன் பணி. இரண்டாவது வகையின் பெயர் ஆலிகோடெண்ட்ரோசைட். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறையைப் போர்த்துவதால் இதை உறை செல் என்போம். மூன்றாவது, மூளையின் காவலாளியும் துப்புரவாளருமான மைக்ரோகிளியா.

சாரமே தாய்

கருப்பையில் மனிதக் கரு நான்கு வாரம் வளர்ந்த நிலையில், அதன் முதுகுப்புறத்தில் ஒரு குழல் உருவாகி மூடிக்கொள்கிறது. இக்குழலின் முன்முனை பருத்து மூளையாகிறது. பெருமூளை உருவாகும் இடத்தில், குழலின் உட்சுவரை ஒட்டி ‘ஆரக் கிளியா’ என்னும் செல்கள் வரிசையாக அமைகின்றன. ஒவ்வொரு செல்லின் உடலும் உட்சுவரில் இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட இழை வெளிச்சுவர் வரை செல்லும். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உட்சுவர் அருகே பிறக்கும் நரம்பு செல், வெளிப்பக்கத்தில் உள்ள தன் இடத்திற்கு எப்படிப் போகிறது? பாஸ்கோ ராக்கிச் என்னும் விஞ்ஞானி குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1972-இல் விடை தந்தார். தென்னை மரத்தைத் தழுவி ஏறுபவரைப் போல, இளம் நரம்பு செல் ஆரக் கிளியாவின் இழையைப் பற்றியபடி ஏறிச் செல்கிறது. முதலில் ஏறியவை தாழ்ந்த அடுக்கில் நின்றுவிடுகின்றன. பின்னால் வருபவை அவற்றைத் தாண்டி மேலே போய் அமர்கின்றன.

அப்போதும் ஆரக் கிளியா வெறும் சாரம் என்றே கருதப்பட்டது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் எலிகளிலும் சுண்டெலிகளிலும் நடந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. ஆரக் கிளியா செல்லே பிளவுபட்டு நரம்பு செல்லைப் பெறுகிறது. பிறந்த சேய் தன் தாயின் இழையிலேயே ஏறிச் செல்கிறது! ‘துணை’ என்று நாம் ஒதுக்கிய செல்தான் தாய்.

முதலில் நரம்பு, பிறகு கிளியா

சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 19 நாள்கள். அதில் ஏறத்தாழ 11-ஆம் நாள் முதல் 17-ஆம் நாள் வரை பெருமூளைப் புறணியின் நரம்பு செல்கள் பிறக்கின்றன. அதன்பின் அதே தாய் செல்கள் கிளியா செல்களைத் தரத் தொடங்குகின்றன. இவ்வரிசை மாறுவதில்லை. ஒற்றைத் தாய் செல்லைப் பிரித்தெடுத்து வளர்ப்புத் தட்டில் தனியே வளர்த்தாலும், முதலில் நரம்பு செல்கள், பிறகு கிளியா செல்கள்தாம்.

இந்த மாற்றத்தை யார் சொல்கிறார்கள்? இரு வழிகளில் செய்தி வருகிறது. ஒன்று உள்ளிருந்து: விண்மீன் செல்லுக்குரிய ஜீன்கள் தொடக்கத்தில் டி.என்.ஏ. மீது ஒட்டிய மெதில் தொகுதிகளால் பூட்டப்பட்டிருக்கின்றன. நாளடைவில் இப்பூட்டுகள் கழல்கின்றன. மற்றொன்று வெளியிலிருந்து: பிறந்துவிட்ட நரம்பு செல்கள் கார்டியோட்ரோஃபின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ‘நாங்கள் போதிய அளவு வந்துவிட்டோம், இனிக் கிளியா வரட்டும்’ என்று தாய்க்கு அனுப்பும் தகவல் இது எனலாம்.

வேலை முடிந்த ஆரக் கிளியாக்களில் பெரும்பாலானவை நீண்ட இழையை இழந்து விண்மீன் செல்களாக மாறுகின்றன. சுண்டெலி பிறந்தபின் முதல் சில வாரங்களில் இவை இருந்த இடத்திலேயே பிளவுபட்டுப் பெருகுகின்றன.

தேவைக்கு ஏற்ற அளவு

உறை செல்களின் கதையைக் கண்டறியக் கண் நரம்பு உதவியது. கண் நரம்பில் நரம்பு செல்களின் உடல்கள் இல்லை; நீண்ட இழைகளும் கிளியாவும்தான் உண்டு. எனவே கிளியாவைக் குழப்பமின்றி ஆராயலாம். லண்டனில் மார்ட்டின் ராஃப் குழுவினர் எலியின் கண் நரம்பில் உறை செல்களின் முன்னோடிச் செல்லை 1983-இல் அடையாளம் கண்டனர். 1992-இல் பென் பாரெஸ், ராஃப் முதலியோர் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டனர். அங்கே உருவாகும் உறை செல்களில் ஏறத்தாழப் பாதி இறந்துவிடுகின்றன! நரம்பிழை தரும் உயிர்காக்கும் குறிப்பு எதற்குக் கிடைக்கிறதோ அதுவே பிழைக்கிறது. இழைகளின் தேவைக்கும் செல்களின் எண்ணிக்கைக்கும் இவ்வாறு பொருத்தம் ஏற்படுகிறது.

மைக்ரோகிளியாவோ மூளையில் பிறந்ததே அன்று. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா 1919-இல் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டி, இது வெளியிலிருந்து வந்து குடியேறியது என்றார். கருவை ஒட்டிய மஞ்சட்கருப் பையிலிருந்து இது வருகிறது என்பது 2010-இல் சுண்டெலிகளில் நிறுவப்பட்டது. பெருமூளைப் புறணியில் நரம்பு செல்கள் பிறக்கும் முன்பே இது மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. பிற்பாடு, நரம்பு செல்களுக்கு இடையே தேவைக்கு மேல் உண்டான இணைப்புகளை இதுவே விழுங்கிக் களைகிறது.

காலம் தவறினால்?

மயலின் உறை இல்லாத மெல்லிய இழையில் நரம்புத் துடிப்பு வினாடிக்குச் சுமார் 1 மீட்டர் செல்லும். தடித்த, உறையுள்ள இழைகள் சிலவற்றில் 100 மீட்டரையும் தாண்டும். ஆகவே உறை செல்கள் உரிய காலத்தில் முதிர்வது மிக அவசியம்.

கருப்பையில் 23 முதல் 32 வாரம் வரை, மனித மூளையில் இவை பெரும்பாலும் முதிராத நிலையில் உள்ளன. அந்நிலையில் ஆக்சிஜன் குறைவையும் அழற்சியையும் இவற்றால் தாங்க இயலாது. மிகவும் முன்னதாகப் பிறந்துவிடும் குழந்தைகள் சிலருக்குப் பெருமூளை வாதம் ஏற்பட இது ஒரு முக்கிய காரணம். இன்று, அவ்வாறு பிரசவம் நெருங்கும் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் மருந்தைச் செலுத்துகிறார்கள். பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு இதனால் குறைகிறது. மூளையின் வளர்ச்சியில் எந்தச் செல் எந்த வாரத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்ற அறிவு, ஒரு குழந்தை பிற்காலத்தில் நடப்பதா இல்லையா என்பதோடு தொடர்புடையது.

உங்கள் தலைக்குள் இன்று

இவையெல்லாம் பிறப்பதற்கு முன் முடிந்துபோன செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். மயலின் போர்த்தும் பணி உங்கள் மூளையில் இப்போதும் நடக்கிறது. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் நெற்றிப்பகுதியில் இது இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய உறை செல்கள் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட சுண்டெலிகள், படிகள் சீராக அமையாத சுழல் சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. புதிய திறமைக்கு நரம்பு செல்கள் மட்டும் போதவில்லை. ‘பசை’யும் புதிதாகத் தேவைப்பட்டது.

வீட்டில் குடியேறிய பின்னும் கட்டட வேலை நிற்காத வீடு நம் மூளை. அதைக் கட்டத் தொடங்கியவர்களின் வழிவந்தவர்களே இன்றும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.