கட்டைக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு

செம்பனைக் கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தோட்டத்துக்குச் சோதனைக் காலம். இரவில் இறங்கும் காட்டுப்பன்றி கன்றின் அடியைக் கிண்டி, இளங்குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். விடிந்து பார்த்தால் ஒரு நிரையே சாய்ந்து கிடக்கும். நிபோங் திபாலை அடுத்த பைராம் பக்கம் ஒருபுறம் செம்பனை, மறுபுறம் சதுப்புநிலக் காடு. இப்படிப்பட்ட இடங்களில் பன்றிக்கு இரையும் உண்டு, ஒளிய இடமும் உண்டு. வேட்டைத் துப்பாக்கி தோட்டப்புறத்தை விட்டு இன்னும் போகாததற்கு அதுதான் காரணம்.

இந்த வட்டாரத்துக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. பைராமும் பக்கத்துக் கலிடோனியாவும் ஒரு காலத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் தோட்டங்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அக்குடும்பத்துக்கு இருந்த மாளிகையின் பெயரும் பைராம்தான். கலிடோனியாவில் பாழடைந்து நிற்கும் '99 கதவு மாளிகை'யில் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதும், நாட்டில் அவசரகாலம் வந்தது.

அப்போது காட்டுக்குள் ரோந்து போன பிரிட்டிஷ் படையணிகள் சிலவற்றில், முன்னால் நடப்பவரின் கையில் இருந்தது பிரௌனிங் ஆட்டோ-5. அடர்ந்த புதரில் எதிரி சில அடி தூரத்தில்தான் தென்படுவான். அங்கே ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கிதான் கைகொடுத்தது. ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்று, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை 1902 முதல் செய்த இதுதான், பெருமளவில் செய்யப்பட்ட செமி ஆட்டோ ரவைத் துப்பாக்கிகளில் மூத்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும்.

வசதிதான். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பார்த்தால் தெரியாது

நம் தோட்டப்புறத்தில் பழகியது 'செனாபாங் பாத்தா'. நடுவில் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி அது. மடக்கிப் பிடித்தால் காலியா இல்லையா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோவில் அப்படித் தெரியாது. சுட்டு முடித்த அந்த நொடியே அடுத்த தோட்டா குழலுக்குள் தயாராக உட்கார்ந்திருக்கும். பழைய துப்பாக்கிப் பழக்கத்திலேயே இதைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் வருகிறவர், தன்னை அறியாமலே நிரம்பிய துப்பாக்கியோடு வருகிறார்.

ஆகவே, கோளாறு எதுவானாலும் முதல் வேலை ஒன்றே. குழல் முனையை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். விசையிலிருந்து விரலை எடுங்கள். தோட்டாக்களை முழுவதும் வெளியே எடுங்கள். பிறகு குழலின் அடிவாயையும் தோட்டா அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. குழலை அதே திசையில் வைத்து முப்பது வினாடியாவது காத்திருங்கள். தோட்டா தாமதமாக வெடிப்பதும் உண்டு.

ஏன் சிக்குகிறது?

எந்தத் துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பாதிக் கோளாறு தீர்ந்த மாதிரிதான். ஆட்டோ-5இல் குழலே பின்னால் உதைத்துத் திரும்பும். அந்த உதையைத் தாங்க முன்கைப் பிடிக்குள் ஓர் உராய்வு வளையம் உண்டு. கனமான தோட்டாவுக்கு அது சுருள்வில்லின் முன்னால் இருக்க வேண்டும். இலேசான தோட்டாவுக்குப் பின்னால் போக வேண்டும். இலேசான தோட்டாவைப் போட்டு வளையத்தைக் கனத்துக்கு வைத்தால் வெற்றுத் தோட்டா வெளியே வராது. தலைகீழாக வைத்தால் உதை தாங்காமல் முன்கைக் கட்டை பிளக்கும்.

1963இல் வந்த ரெமிங்டன் 1100 வெடிவாயுவின் அழுத்தத்தால் இயங்குவது. அதில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று வாயு கசியாமல் காக்கிறது. அது வெடித்தாலோ இறுகினாலோ துப்பாக்கி சோம்பிவிடும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வளையத்தைப் பார்க்காமல் துப்பாக்கியையே குறை சொல்கிறவர்கள் உண்டு. இத்தாலியின் பெனெல்லி வேறு வகை. துப்பாக்கி முழுவதும் பின்னால் நகரும் விசையைக் கொண்டே அது இயங்கும். மரத்தில் அழுத்திப் பிடித்துச் சுட்டாலோ, கட்டையில் தோட்டாப் பை, விளக்கு என்று பாரம் ஏற்றினாலோ அந்த நகர்வு குறைந்து, அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம்.

கட்டையை மாற்றுமுன்

தோளில் ஊன்றும் கட்டையை அழகுக்காக மாற்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டோ-5, ரெமிங்டன் 1100, பெனெல்லியின் பல வகைகள் ஆகியவற்றில் பூட்டை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில், கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாயில்தான் இருக்கிறது. இவற்றில் மடக்குக் கட்டையை நினைத்தபடி மாட்ட முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்தக் குழாய்க்குள் துரு பிடிக்கும். பழைய எண்ணெய் பிசின்போல் இறுகும். பூட்டு முழுதாக மூடாமல் தயங்கினால், வெளியே எவ்வளவு துடைத்தும் பயன் இல்லை. கோளாறு கட்டைக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் கட்டை ஈரத்தில் ஊதாது என்பது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிப்பதை அது தடுக்காது. மரக்கட்டையில் திருகு தளர்ந்தால் கழுத்துப் பகுதியில் கீறல் விழும், அதையும் பாருங்கள்.

அளவும் முக்கியம். ரவைத் துப்பாக்கியில் பின்குறி என்பது சுடுபவரின் கண்தான். கன்னம் படும் மேடு தாழ்ந்தால் ரவை கீழே போகும். உயர்ந்தால் மேலே போகும். கட்டை நீண்டால் அக்குளில் சிக்கும், குட்டையானால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். ஐரோப்பிய உடல்வாகுக்குச் செய்த கட்டை நம் ஆளுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. குறி தவறிக் காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால், அந்த ஓரங்குலத்தின் விலை அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று: 12ஆம் எண் துப்பாக்கி வைத்திருப்பவரின் பையில் 20ஆம் எண் தோட்டா இருக்கவே கூடாது. சிறியது குழலுக்குள் வழுக்கிப் போய் அடைத்துக்கொள்ளும். பின்னால் பெரியதை ஏற்றிச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20ஆம் எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தருபவர் மாநிலப் போலீஸ் தலைவர். காட்டுப்பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனியாக வேண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் சிறையோடு பிரம்படியும் வைத்திருக்கிறது. துடைப்பதும் எண்ணெய் இடுவதும் உரிமையாளரின் வேலை. கட்டை மாற்றுவது, சுருள்வில் மாற்றுவது போன்றவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிடமே விடுங்கள். பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யும் மோட்டார் சைக்கிள் இல்லை இது.

பன்றி விழுந்ததோ தப்பியதோ, காட்டோரத்திலேயே தோட்டாக்களை எடுத்து, அறையைத் திறந்து, விரல் விட்டுப் பாருங்கள். அதன் பிறகு லயத்துப் பக்கம் திரும்புங்கள். அங்கே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.