காகிதத்தில் எழுந்து நிற்கும் விக்கிரமன்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்குப் பாலாறு தெரியும். வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அல்ல. இது காவிரியில் வந்து சேரும் ஒரு காட்டாறு. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகளின் எழுத்து மாறிவிடும். பேச்சு மட்டும் அவ்வளவு சட்டென்று மாறாது. டீக்கடையில் ஒருவர் தமிழில் கேட்பார், மற்றவர் கன்னடத்தில் பதில் சொல்வார். இருவருக்கும் டீ வந்துவிடும்.

அதிசயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை நம் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. கோடுகள் மாறிய இந்த ஆண்டுகளில் கோட்டின் இரு பக்கத்துச் சிறுவர்களும் மாதந்தோறும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், சுற்றிலும் மயானம். நடுவே சற்றும் மனம் தளராமல் நடந்து வரும் விக்கிரமாதித்தன்!

தமிழ்ச் சிறுவன் அதை 'அம்புலிமாமா'வில் பார்த்தான். கன்னடச் சிறுவன் 'சந்தமாமா'வில் பார்த்தான். இவனுக்கு வேதாளம், அவனுக்குப் பேதாளா. படம் ஒன்றேதான்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் சென்னையிலிருந்து தொடங்கிய பத்திரிகை அது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பரவியது. எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறும். அந்த ராஜாவையும் வேதாளத்தையும் கோடிக்கணக்கான கண்களில் பதிய வைத்தவர் ஓவியர் சங்கர். முழுப் பெயர் கே. சி. சிவசங்கரன். பெயரின் முன்னால் நிற்கும் 'கே' என்ற எழுத்து, காரத்தொழுவு என்ற கொங்கு நாட்டுக் கிராமம். அவர் பிறந்த 1924-ல் காரத்தொழுவும் கொள்ளேகாலும் ஒரே கோவை மாவட்டத்துக்குள்தான் இருந்தன! 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக அங்கே வரைந்தார். பத்திரிகை 2013 வாக்கில் நின்று போயிற்று. சங்கர் 2020 செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. கொஞ்சம் முன்னதாகவே கொடுத்திருக்கலாம்.

இப்போது பிரச்சினை வேறு. மைசூரு ஹெப்பாளிலும் பெங்களூரு பீனியாவிலும் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். அப்பா தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய அம்புலிமாமாவைக் கொடுத்தால் படத்தைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். படித்துக் காட்டலாம்தான். ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அதற்குத் தெம்பு இருக்க வேண்டுமே. அந்த ராஜாவைப் பெட்டியிலிருந்து எழுப்பி மேசை மேல் நிறுத்திவிட்டால், "இவர் யார்? தோளில் என்ன?" என்று பிள்ளையே கேட்கும். அதற்கு ஒரு வழி உண்டு. காகிதம், கத்தரி, பசை. செலவு டீக் காசுதான்.

எப்பினால் முதல் ஜப்பான் வரை

அட்டையில் அச்சிட்ட உருவத்தை வெட்டி, மடித்து, ஒட்டி நிறுத்தும் கலை மேல்நாடுகளில் பழையது. பிரான்சின் எப்பினால் நகரத்து அச்சகங்கள் 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய தாள்களை ஏராளமாக அச்சிட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் மரத்துக்கும் உலோகத்துக்கும் தட்டுப்பாடு. அப்போது தபால் அட்டை அளவில் வந்த 'மைக்ரோமாடல்ஸ்' சக்கைப்போடு போட்டது. போலந்தில் இதற்கென்றே ஒரு பத்திரிகை 1957-ல் தொடங்கியது. ஜப்பானியர் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனார்கள். 'பெபகுரா' என்ற மென்பொருள், திரையில் உள்ள உருவத்தைத் தட்டையான துண்டுகளாக விரித்துக் கொடுத்துவிடும். மிக்கி மவுஸ் முதல் பிகாச்சு வரை வேண்டிய கார்ட்டூன் பாத்திரத்துக்கு இன்று வெட்டுப்படம் கிடைக்கிறது.

விக்கிரமனுக்கு அப்படி எளிதில் அகப்படாது. நாமே போட வேண்டும்.

சங்கர் வரைந்தது ஒரு பக்கத்தைத்தான். ராஜாவின் முதுகு எப்படி இருக்கும்? மேலாடை பின்னால் எங்கே முடியும்? வேதாளத்தின் கால்கள் எந்தப் பக்கம் தொங்கும்? படம் சொல்லாது. செய்கிறவன் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று வேதாளம் மிரட்டும் அல்லவா, அந்தக் கட்டத்தில் ராஜாவுக்கு வரும் நெருக்கடி இங்கே நமக்கு வருகிறது.

எதில் செய்வது, எப்படிச் செய்வது

நோட்டுப் புத்தகத் தாள் நிற்காது. படுத்துவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டை கிடைத்தால் உத்தமம். இல்லாவிட்டால் டிராயிங் தாளில் கெட்டியானதாக, 200 கிராம் அளவில் கேட்டு வாங்கலாம். எந்தக் காகிதத்துக்கும் ஒரு இழை ஓட்டம் உண்டு. நீளவாட்டில் ஒரு முறை, அகலவாட்டில் ஒரு முறை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இணங்கி வளையும், மறு பக்கம் முரண்டு பிடிக்கும். கை, கால், உடம்புக்கான குழாய்களை இணங்கும் பக்கமாகவே சுருட்ட வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் ராஜாவுக்குத்தான் முழங்கை உடைந்து போகிறது.

மடிக்கும் முன் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கீறல். பிறகு மடித்தால் விளிம்பு கத்தி போல் வரும். ஒட்டுவதற்கான காதுகளை ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் விட்டு வெட்ட வேண்டும். பெவிகால் போதும், துளித் துளியாக. மைதாவில் கிண்டிய போஸ்டர்ப் பசையும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் பூச்சி வரும். பைண்டிங் செய்கிறவர்கள் அதற்காகத் துத்தம் கலப்பார்கள். துத்தம் விஷம். பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் அது வேண்டாம்.

தலைதான் தகராறு. காகிதம் ஒரு திசையில் வளையும், இரண்டு திசையில் ஒரே சமயத்தில் வளையாது. பந்து போன்ற தலைக்கு ஆரஞ்சுச் சுளை வடிவில் துண்டுகள் வெட்டி ஒட்ட வேண்டும். பூகோள உருண்டை செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டாத வேலை. எட்டுப் பட்டை வைத்த பெட்டியாகத் தலையைச் செய்து, அதன் மேல் கூம்பாக மகுடத்தைக் கவிழ்த்துவிட்டால் பாதிக் கஷ்டம் மறைந்துவிடும். மீசையை மட்டும் தனியாக வெட்டி ஒட்டினால் முகத்துக்குக் கம்பீரம் தானாக வரும்.

தோளில் பாரம் ஏறியதும் ராஜா சாய்வார். கால்களை அகல வைத்து நடக்கும் பாவனையில் ஒரு தட்டையான பீடத்தில் ஒட்ட வேண்டும். பீடத்துக்குள் ஒரு கூழாங்கல். மேலே மண்டையோடும் முட்செடியும் வைத்துவிட்டால் மயானமும் ஆயிற்று, கல்லும் மறைந்தது.

ஒரு வேண்டுகோள். பழைய அம்புலிமாமாவை வெட்டிவிடாதீர்கள். அது இனி அச்சாகப் போவதில்லை. ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டுங்கள்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்கிறவர்களுக்கு இரும்புக்கை மாயாவி இருக்கிறார். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்த அதே மாயாவிதான். பிறந்தது பிரிட்டிஷ் பத்திரிகையில் என்றாலும் நம்மூர்ப் பையன்களுக்கு அவர் நம்மவர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஆகவே ஒரு கையைச் செய்தால் முழு மாயாவியைச் செய்த கணக்கு! சாம்பல் நிறத் தாளில் விரலுக்கு மூன்று பெட்டிகளாக மடித்துக் கோத்தால் விரல்கள் மடங்கவும் செய்யும். சோட்டா பீமை விரும்பும் குட்டிகளுக்கும் வழி உண்டு. பெரிய தலை, சின்ன உடம்பு. உடம்பை ஒரு தீப்பெட்டியில் முடித்துவிடலாம்.

கொலுப் படியில்

மைசூருவில் தசரா வந்தால் வீடுகளில் 'கொம்பெ ஹப்பா'. படிகளின் மேலே 'பட்டத கொம்பெ' என்னும் ராஜா ராணி மர ஜோடி வீற்றிருக்கும். நம் வீடுகளில் கொலு. பொம்மைக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஒற்றை அறையில் ஒன்பது படிக்கு இடமும் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்து மூன்று படி கட்டினாலும், அதில் ஒரு காகித விக்கிரமன் நின்றால் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி தாம்பூலம் வாங்க வரும்போது, "ஓ, பேதாளா!" என்று அடையாளம் கண்டுகொள்வார். அவர் பேத்திக்குக் கன்னடத்திலும் நம் பிள்ளைக்குத் தமிழிலும் கதை நடக்கும்.

கதை சொல்லப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வேதாளத்தை ராஜாவின் தோளில் ஒட்டிவிடக் கூடாது. வயிற்றுப் பக்கம் ஒரு வெட்டு விட்டுச் செருகி வைத்தால் போதும். ராஜா வாய் திறந்து பதில் சொன்னதும் அதைக் கழற்றி முருங்கை மரத்தில் மாட்ட வேண்டுமே! மரத்துக்குக் காகிதம் சரிப்படாது, கிளை வளைந்துவிடும். களிமண் உருண்டையில் நாலு விளக்குமாற்றுக் குச்சிகளைக் குத்தி, பச்சைத் தாளைப் பொடிப்பொடியாகக் கிள்ளி ஒட்டினால் முருங்கை இலை மாதிரியே இருக்கும்.