பழைய வண்டியிற் புதிய குளிர்

வெயிலைத் தாங்கிப் பழகிய மண் எங்கள் யாழ்ப்பாணம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் வாடகைக் கார்களாய் எங்கள் தெருக்களில் ஓடிய காலத்தில் அவற்றுட் குளிரூட்டி என்பதொன்றில்லை. முன்கதவின் சிறு முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் எதிர்க்காற்று வந்து மார்பில் மோதும். அதுவே போதும் என்றிருந்தோம். ஆதலின், கார்க் குளிரூட்டியைப் பற்றி ஒரு தமிழ்ப் பண்டிதன் எழுதப் புகுந்தது கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்குமுன் நடந்ததைக் கேட்பார்களாக.

என் தமையனார் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி வண்டி. அவர் மறைந்தபின் அண்ணியார் அதனை விற்க ஒருப்படவில்லை. அவரோ இருதய நோயாளர். இரண்டு திங்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பு வைத்தியரிடம் செல்லவேண்டியவர். வண்டியின் குளிரூட்டி பழுதுற்றிருந்தது. சென்ற ஆண்டு ஆனையிறவு வெளியில், உச்சி வெயிலில், அவர் வண்டிக்குள்ளேயே மயங்கிச் சாய்ந்தார். வெப்பம் ஆகாது என்றார் வைத்தியர். வேறு வண்டியில் ஏறுவதற்கு அண்ணியார் இசையவில்லை. "அவர் ஓட்டின வண்டி, தம்பி. இதுக்கே ஒரு வழி பாருங்கோ" என்றார்.

முதலில் அணுகிய கராஜ்காரர் இதனைச் சிறு வேலையென்றார். "பழைய காஸ் இப்ப வாறேல்லை, புதுக் காஸை அடிச்சுவிடுவம். மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், இது என்ன பெரிய காரியம்?" என்றார். அவர் கூற்றிற் பொய்யில்லை. 1990களில் பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயாற் கார்களை ஓட்டிக் காட்டியது இம்மண். அந்தப் பெருமிதத்தில் யானும் மயங்கி இசைந்தேன். இருபது நாள் குளிர்ந்தது. பின்பு கொம்பிரசர் இறுகிற்று. அதனைச் சுழற்றும் வார் கருகிற்று.

அதன்பின்னரே, குளிரூட்டி வேலையைத் தொழிலாகக் கொண்ட என் பழைய மாணாக்கர் ஒருவரை நாடினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்கள் வகுப்பிலை சொல்லித் தந்ததுதான். எழுவாயைப் பன்மையாக்கினால் பயனிலையையும் பன்மையாக்க வேணும். இவை எழுவாயை மட்டும் மாத்தியிருக்கினம்."

அவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கி உரைப்பேன். மண்பானை நீர் குளிர்வது, சுவரிற் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதனால். குளிரூட்டியின் இயல்பும் அதுவே. கொம்பிரசர் வாயுவை அமுக்கிச் சூடாக்கும். வண்டியின் முன்னுள்ள கொண்டென்சர் அச்சூட்டை வெளியே விட்டு வாயுவைத் திரவமாக்கும். திரவம் சிறு வால்வின் வழியே விரிந்து, முகப்பின் உள்ளே இருக்கும் ஆவியாக்கியில் ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தைக் கவரும்.

பழைய வண்டிகளின் வாயு ஆர்-12 என்பது. நஞ்சுமன்று, தீப்பற்றுவதுமன்று, அதனால் உலகம் அதனை வரமெனக் கொண்டது. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர், அவ்வகை வாயுக்கள் மேலெழுந்து சிதைந்து, அவற்றின் குளோரீன் ஓசோன் படையை அரிக்கும் என்று எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் குறைவு வெளிப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை அதனை 1989இல் ஏற்றது. ஆர்-12 ஒழிய, குளோரீன் இல்லாத ஆர்-134ஏ கார்களில் இடம்பெற்றது.

புதிய வாயு வந்தால் மற்றையவும் அதற்கு இயைய வேண்டும். ஆர்-12 கனிம எண்ணெயைத் தன்னோடு சுமந்து சென்று கொம்பிரசருக்கு மீட்டளிக்கும். ஆர்-134ஏ அவ்வெண்ணெயோடு கலவாது. எண்ணெய் குழாய்களிலே தங்கிவிட, கொம்பிரசர் வறண்டு இறுகும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. பழைய றப்பர்க் குழாய்களினூடே புதிய வாயு எளிதிற் கசியும். உள்ளே நைலோன் படை உடைய குழாய்கள் வேண்டும். வெயில் மிக்க இடத்தில் அதன் அமுக்கமும் மிகும். சூட்டை விரைந்து விடும் கொண்டென்சர் வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியும் புதிதாதல் வேண்டும்.

மாணாக்கர் செய்த முதல் வேலை என் உள்ளத்தைத் தொட்டது. எஞ்சிய கலப்பு வாயுவை அவர் ஆகாயத்தில் விடவில்லை. பொறி கொண்டு ஒரு சிலிண்டரில் அடைத்தார். "கண்ணுக்குத் தெரியாதெண்டு விடேலாது, ஐயா" என்றார். பின்னர் எண்ணெய்க் கசிவுக்குப் பேர்போன பழைய ஆர்-4 கொம்பிரசரைக் கழற்றி, ஐந்து சிலிண்டருடைய சாண்டன் கொம்பிரசரை ஒரு தாங்கியால் இணைத்தார். ஆவியாக்கியை எடுக்க முகப்பு முழுவதையும் கழற்றவேண்டும். ஆதலால் அதனை இருந்தவாறே கழுவி, நைதரசன் செலுத்திக் கசிவின்மை கண்டார். ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிடினும், புவியை வெப்பமாக்குவதிற் காபனீரொட்சைட்டினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. 2016இன் கிகாலித் திருத்தம் அதனையும் குறைக்கச் சொல்கிறது. ஆகவே கசிவு சிறிதும் ஆகாது என்றார். ஒரு மணி நேரம் வெற்றிடமாக்கி ஈரத்தைப் போக்கியபின், வாயுவை நிறுத்துச் செலுத்தினார்.

வண்டியின் உடலில் ஒரு துளைதானும் புதிதாய் இடவில்லை. கழற்றிய பழைய உறுப்புகளைத் துணியிற் சுற்றிப் பெட்டியிலிட்டுத் தந்தார். பிற்காலத்தார் வேண்டின் பழையபடி பொருத்தலாமன்றோ? ஏட்டுப் பிரதியைப் பதிப்பிப்போர் பாடபேதத்தை அழியாது அடிக்குறிப்பிற் காப்பது என் நினைவுக்கு வந்தது.

பழைய வண்டியுடைய அன்பர்கள் வாயு மாற்றுமுன் மூன்று வினாக்கள் வினவுக: எஞ்சிய வாயு எங்கே போகும்? எண்ணெய் எது? குழாயும் உலர்த்தியும் மாறுமா? விடை கூறத் தயங்கும் இடத்தில் வண்டியை விடற்க. யான் வினவாது விட்டதன் பயன் இருமடங்கு செலவு.

சென்ற மாதம் அண்ணியார் கொழும்புக்குப் புறப்பட்டபோது யானும் உடன் சென்றேன். ஆனையிறவில் வெளியே அனல். உள்ளே இதமான குளிர். கொம்பிரசர் புதிது, குழாய் புதிது, வாயுவும் புதிது. ஆனால் முகப்பிலே தமையனார் விரல்பட்டுத் தேய்ந்த குமிழ் மட்டும் அதே குமிழ். அண்ணியார் அதனைச் சற்றே திருப்பிக் குளிரைக் குறைத்தார். "அவருக்கும் இவ்வளவு குளிர் ஒத்துவராது" என்றார்.