ஒன்றரைக் கிலோ சூரன்!

"விளையாட லட்ச ரூபாய்க்கு மேல் ஒரு யந்திரமா?" என்று திகைத்துப் போனேன். கட்டடக் கலை படிக்கும் என் மகனோ, "முதலில் தூக்கிப் பாரும்மா, அப்புறம் கோபித்துக்கொள்" என்றான்.

தூக்கினேன். அடேயப்பா! கேமிங் லாப்டாப் என்றால் செங்கல் மூட்டை என்றல்லவா நினைத்திருந்தேன்? ஆஸுஸ் கம்பெனியின் 'ஸெஃபிரஸ் ஜி14', 2024-ம் வருஷத்து மாடல், ஒன்றரைக் கிலோதான். தடிமன் 1.6 சென்டிமீட்டர், நாலைந்து வாரப் பத்திரிகைகளை அடுக்கினாற்போல!

14 அங்குலத் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு என்றால் அசல் கண்மைக் கறுப்பு. வினாடிக்கு 120 தடவை படம் மாறுவதால், பறக்கும் கார்கூடத் துளியும் உதறுவதில்லை.

வாங்க நினைக்கும் தாய்மார்களுக்குச் சில விஷயங்கள். உடம்பு மெலிந்தால் உள்ளே இடம் குறைவு. சூட்டை வெளியேற்ற விசிறி வேகமாகச் சுழன்றாக வேண்டும். ஆகவே இந்த ரகத்தில் எதையும் மெத்தைமேல் வைக்கக் கூடாது; காற்று போகும் வழி அடைபடும். மின்சாரம் சொருகாமல் ஆடினால் வேகம் குறையும். இந்த மாடலில் 'ராம்' பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பிற்பாடு கூட்ட முடியாது. வேண்டியதை வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

வளையலுக்கென்று சேர்த்த பணம். ஆனாலும், கார் ஓட்டும் அதே சக்திதான் அவனுடைய கட்டடப் படங்களையும் வரைந்து காட்டும் என்று தெரிந்ததும் மனம் இளகிவிட்டது. "இரவு பத்து மணிக்கு மூடிவிட வேண்டும்" என்ற நிபந்தனையுடன் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் நாள் சரியாகப் பத்துக்கு அவன் அறையில் விளக்கு அணைந்தது.

விசிறிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை!