லாரிக்குத் தடை, காருக்கு வேண்டுகோள்

ஒரே நாற்கரச் சாலையில் செல்லும் லாரிக்கும் சொந்தக் காருக்கும் விதி ஒன்றல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 118இன்படி, 2015 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளிலும் பேருந்துகளிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அவை செல்லலாகாது. கார்களுக்கோ, 2019 ஜூலை முதல், ஒலியெழுப்பும் கருவி மட்டுமே. 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். வேகம் குறையாது. கூலிக்கு ஓட்டுபவரை இயந்திரம் தடுக்கிறது. உடைமையாளரிடம் வேண்டுகோள் விடுக்கிறது.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்ல இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார் ஒவ்வொன்றிலும் சாலையின் வேக வரம்பை அறிந்து ஓட்டுநருக்கு உணர்த்தும் அமைப்பு உண்டு. (ஓட்டுநர் அதை அணைத்துவிட முடியும் என்பது வேறு கதை.)

80இலிருந்து 120க்கு வேகம் ஒன்றரை மடங்காகும்போது மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. காருக்குள் இருப்பவருக்கு இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் உண்டு. வெளியே நடப்பவருக்கு எதுவுமில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

ஊரையும் சேரியையும் நெடுஞ்சாலை பிரிக்கும் இடங்களில், நியாயவிலைக் கடைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் அன்றாடம் சாலையைக் கடப்பவர் எவர் என்பதைக் களப்பணியாளர் அறிவர். அரசின் ஆண்டறிக்கை இறந்தவரின் வயதையும் பாலினத்தையும் வாகனத்தையும் வகைப்படுத்துகிறது, சாதியை வகைப்படுத்துவதில்லை. ஆகவே, விதி 118ஐச் சொந்தக் கார்களுக்கும் விரிவாக்கக் கோருவோர், அந்த அறிக்கையில் சாதிக்கும் ஒரு பத்தி கோர வேண்டும்.